மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்கு வாசல் எங்கே? நாகர்கோவிலிலிருந்து மூன்று நாள் பயணம்

வடசேரிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி 26 திங்கட்கிழமை வருகிறது. சனி, ஞாயிறு சேர்த்தால் மூன்று நாள். இவருக்கு லீவு கிடைத்துவிட்டது, அதுவே அதிசயம். ராமேஸ்வரம் போவதென்று முடிவாகிவிட்டது. மாமியாருக்கு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும், ஆனால் முட்டு வலி. மூத்தவள் நாலாம் வகுப்பு, அவளுக்குக் கடல் பசு பார்க்க வேண்டும். சின்னவனுக்கு ஐந்து வயது, பாம்பன் ரயில் பாலம் மேலே தூக்குவதைப் பார்க்க வேண்டும். எனக்கு ஒன்றும் வேண்டாம். மூன்று நாள் அடுப்பு பற்ற வைக்காமல் இருந்தால் போதும்.

மூத்தவளுக்காகத் தேடியதில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று ஒன்று வந்தது. மேப்பில் அந்தப் பெயரைத் தொட்டால் நடுக்கடலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வாசல் எங்கே, டிக்கெட் எங்கே, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு ஏஜென்டிடம் போனில் கேட்டேன். "இருபத்தொரு தீவையும் ஒரே நாளில் காட்டிவிடலாம் மேடம், கடல் பசு கியாரண்டி" என்கிறார். முன்பணம் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

காரில் போவதா ரயிலா என்பதும் இன்னும் சண்டையில்தான் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு ரயிலடி எழுதியது:

கன்னியாகுமரி–ராமேஸ்வரம் ரயில் வாரத்தில் மூன்று நாள்தான். இரவில் ஏறினால் விடிகாலை இறங்கலாம். உங்கள் தேதிக்கு ஒத்து வருகிறதா, படுக்கை மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 26ஆம் தேதி நெருக்கத்தில் கிடைப்பது கஷ்டம்.

சின்னவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. தூக்கும் பகுதி மட்டும் 72.5 மீட்டர். லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே போகும். ஆனால் கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள், சுற்றுலாக்காரர்களுக்காகத் தூக்க மாட்டார்கள். பையன் ஏமாந்து அழுதால் நான் பொறுப்பில்லை. ரயில் கடல் மேல் போவதைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து ரோட்டுப் பாலத்திலிருந்து தெரியும். அதற்காகப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி எல்லோரையும் ஹாரன் அடிக்க வைக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

குளச்சல் மெக்கானிக் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த ஏஜென்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு போனை வையுங்கள். பணம் அனுப்பாதீர்கள்.

நான் குளச்சல்காரன். 1993 முதல் 2005 வரை பாம்பனுக்கு எதிர்க்கரையில் இருக்கிற மண்டபம் என்ற ஊரில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் அந்தக் கடலோடு கிடந்தவன் கடல் பசுவை உயிரோடு பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் முதுகு மட்டும். ஒரு எஞ்சினை ஓட்டிப் பார்க்க மனோலித் தீவுப் பக்கம் போயிருந்தோம். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது (என் வேலைதான், சிரிக்காதீர்கள்). நான் குனிந்து நாசிலைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், பின்னால் "ப்பூ" என்று ஒரு மூச்சு. தொட்டியில் தண்ணீர் குடிக்கிற எருமை மூக்கை வெளியே எடுத்தால் ஒரு சத்தம் வருமே, அச்சு அசல் அது. திரும்பினால் சாம்பல் நிறத்தில் எண்ணெய் தடவினதுபோல ஒரு முதுகு உருண்டு கீழே போகிறது. "ஆவுளியா" என்றார் படகு டிரைவர். அங்கே அதற்கு அதுதான் பெயர். அடுத்த மூச்சுக்கு எங்கே எழும்பும் என்று நாங்கள் நான்கு பேரும் நான்கு திசை பார்த்துக்கொண்டு இருந்தோம். எழும்பவில்லை. வேறெங்கோ எழும்பியிருக்கும்.

நமக்கே இந்த நிலைமை என்றால், எஞ்சினைப் போட்டுக்கொண்டு இருபது பேரை ஏற்றிப் போகிறவர் அதற்கு கியாரண்டி தருகிறாராம். ஆவுளியா கடலுக்கு அடியில் புல் மேய்கிற பிராணி. சத்தம் கேட்டால் போய்விடும். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் ஊர் திரும்புகிறவரை அழுகைதான்.

அப்புறம் வாசல் விஷயம். மேப் தப்பு சொல்லவில்லை. அந்தப் பூங்காவே நடுக்கடலில்தான் இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டி வரிசையாக 21 தீவு, அவற்றைச் சுற்றியிருக்கிற பவளப்பாறை, கடல்புல், தண்ணீர், எல்லாம் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். 1986இல் அறிவித்தார்கள். அதையும் உள்ளே வைத்துக் கரை வரைக்கும் பெரிய வட்டமாக 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் என்று 1989இல் சேர்த்தார்கள். தீவுகளில் குடியிருப்பு கிடையாது. நினைத்தபடி போய் இறங்கவும் முடியாது, வனத்துறை பிடிக்கும். மதுரை ராஜாஜி பூங்கா மாதிரி கேட்டு, ஊஞ்சல், ஐஸ்கிரீம் என்று மனசில் படம் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். இருபத்தொன்றில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கென்று பாறையை வண்டி வண்டியாக அள்ளினார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாவிட்டால் மணல் எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே உங்களுக்குப் பூங்காவின் ஓரங்கள்தான் கிடைக்கும். ஆனால் ஓரமே போதும், நம்புங்கள்.

முதல் ஓரம் குந்துகால். பாம்பனில் இறங்கித் தெற்கே போனால் வரும். அங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. உங்களுக்கு முறையாகக் காலை வைக்கக் கிடைக்கிற தீவு அதுதான். நம் ஊரில் முக்குக்கு முக்கு குருசடி (சிலுவை வைத்த சின்னக் கோயில்) இருக்கிறதே, அந்தப் பெயர்தான் அங்கே குருசடை ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். படித்தவர்கள் திருத்தலாம். நூறு வருஷமாக மெட்ராஸ் காலேஜ் பிள்ளைகள் கடல் பிராணிகளைப் பற்றிப் படிக்க வருகிற இடம் அது. மண்ணுக்குள் புழு மாதிரி ஒன்று இருக்கும், பலனோகிளாசஸ் என்பார்கள். முதுகெலும்பு உள்ளதற்கும் இல்லாததற்கும் இடைப்பட்ட பிராணியாம். அதைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். எனக்குப் பார்த்தால் ஈரச் சேமியா மாதிரி இருந்தது.

இன்னொன்று கேளுங்கள். குந்துகாலில் விவேகானந்தர் மண்டபம் இருக்கிறது. நம் கன்னியாகுமரிப் பாறையில் 1892 டிசம்பரில் உட்கார்ந்தவர், அமெரிக்காவெல்லாம் போய்விட்டுக் கொழும்பு வழியாகத் திரும்பி இந்தியக் கரையில் கால் வைத்தது அங்கேதான். தேதி 1897 ஜனவரி 26. நீங்களும் அதே தேதியில் அங்கே நிற்கப் போகிறீர்கள். மாமியாரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது பிடிக்கும்.

இரண்டாவது, ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசை. அடியில் கண்ணாடி வைத்த படகில் பவளப்பாறை காட்டுகிறார்கள். தண்ணீர் தெளிந்திருந்தால் அருமை. நான் என் பெண்டாட்டி பிள்ளைகளோடு போன அன்று முந்தின நாள் காற்று, கண்ணாடி வழியாகக் கஞ்சித்தண்ணீர்தான் தெரிந்தது. என் பெண்டாட்டி "இதை வீட்டிலேயே பானைக்குள் பார்த்திருக்கலாமே" என்றாள். கரையில் நிற்கிறவர்களிடம் "இன்றைக்குத் தண்ணீர் தெளிவா?" என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கிற மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் தட்டுபோல் கிடக்கும். வாடை வந்தால் தலைகீழ். மீன்பிடிக்கிற சனமே அதற்குத் தக்கபடி கரை மாறிப் போவார்கள். ஜனவரிக் கடைசி தென்கடலுக்கு நல்ல நேரம். ஆனால் விடிகாலையில் போங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள். சண்டை பிடிக்காதீர்கள், நிறுத்தினால் காரணம் இருக்கும்.

கடைசியாக என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் ஊருக்கு வரும்போது ஒரு பவளப்பாறைத் துண்டு கொண்டுவந்தேன். காலிஃபிளவர் மாதிரி, வெள்ளை வெளேர் என்று. மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து என் பெண்டாட்டி தினமும் துடைப்பாள். அப்போது எல்லோர் வீட்டிலும் இருந்தது. 2001இல் பவளப்பாறையையும் கடல் அட்டையையும் புலி, யானை இருக்கிற அதே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஒரு திருவிழாவுக்கு மண்டபத்திலிருந்து எனக்குத் தெரிந்த வனக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடிக்கிற வரை ஒன்றும் பேசவில்லை. கை கழுவிவிட்டு "அண்ணே, மாதா பக்கத்தில் இருக்கிறதை நான் பார்க்கவில்லை" என்றார். அன்று ராத்திரியே துறைமுகச் சுவரில் நின்று கடலில் போட்டுவிட்டேன். அது அந்தக் கடலின் பொருள், இந்தக் கடலில் போட்டது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. ஆகவே கரையில் எது அழகாகக் கிடந்தாலும் பிள்ளைகள் பையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் விற்றாலும் வாங்காதீர்கள்.

தேரூர்க் கொக்கு எழுதியது:

எல்லாம் சரி, முந்நூறு கிலோமீட்டர் ஓடிப் போய்த்தான் பறவையும் தண்ணீரும் பார்க்க வேண்டுமா? வடசேரியிலிருந்து அரை மணி நேரத்தில் தேரூர்க் குளம். 2022இல் சுசீந்திரம்–தேரூர் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. உலகம் முழுக்க முக்கியமான நீர்நிலைகளுக்குக் கொடுக்கிறார்களே, அது. ஜனவரியில் போனால் கூழைக்கடா, நாரை, வாத்து என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். பஸ் நிறுத்தத்தில் நின்றே பார்க்கலாம், ஏஜென்ட் வேண்டாம். கவிமணி பிறந்த ஊர் என்பதும் கூடுதல். அங்கிருந்து மணக்குடிக்குப் போங்கள். பழையாறு கடலில் சேர்கிற இடம், அலையாத்தி மரம் எல்லாம் நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் ஒருத்தரும் போவதில்லை. எல்லோரும் கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்தில் செல்ஃபி எடுக்கப் போகிறார்கள். 77 மீட்டர் நடக்க இரண்டு மணி நேரம் வரிசை.

குளச்சல் மெக்கானிக் எழுதியது:

தேரூர்க் கொக்கு சொல்வது நியாயம். கண்ணாடிப் பாலத்தைத் திட்டியது மட்டும் கொஞ்சம் அதிகம், நானும் என் பேரனும் போனோம், நன்றாகத்தான் இருந்தது. தங்கச்சி, பயணத்துக்கு முந்தின ஞாயிறு பிள்ளைகளைத் தேரூருக்கும் மணக்குடிக்கும் கூட்டிப் போங்கள். பைனாகுலர் பிடிக்கப் பழகட்டும். தனுஷ்கோடியில் தூரத்தில் ரோஸ் நிறமாகத் தெரிகிறது பறவை என்றே தெரியாமல் திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று குடும்பம்.

பாம்பன் மருமகள் எழுதியது:

நான் தக்கலைக்காரி, பாம்பனில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஆம்பிளைகள் சொல்லாத விஷயம் சில உண்டு.

அத்தைக்கு முட்டு வலி என்கிறீர்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் கோயிலுக்குள் கிணறு கிணறாக நடந்து போய் வாளியால் ஊற்றிக்கொள்வது. தரை முழுக்க ஈரம். ஆள் ஆளைத் தள்ளுவார்கள். நடை திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள், பகலில் வேண்டாம். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்துணியோடு சாமி கும்பிட உள்ளே விட மாட்டார்கள், மாற்றுச் சேலை கையில் இருக்கட்டும். முடியாவிட்டால் அக்னி தீர்த்தத்தில் காலை நனைத்துவிட்டு நான்கு கிணற்றோடு நிறுத்தினாலும் ராமர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தனுஷ்கோடிக்கு அரிச்சல்முனை வரை இப்போது தார் ரோடு. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் போன ஊர். ரயிலோடு ஆட்களையும் கடல் கொண்டுபோனது. இடிந்த சர்ச், ஸ்டேஷன் சுவர் எல்லாம் ரோட்டோரம் நிற்கும். வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் இரண்டு புறமும் ஆழமில்லாத தண்ணீர். அங்கேதான் பூநாரைகள் இறங்கும், ஜனவரி முதல் மார்ச் வரை. முனையில் யாரையும் குளிக்க விடாதீர்கள். இரண்டு கடலும் முட்டுகிற இடம், காலுக்குக் கீழே மணல் ஓடுவது தெரியும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். தேசியப் பூங்கா என்றால் எல்லோரும் மீனையும் பவளத்தையும்தான் பேசுகிறார்கள். எங்கள் பக்கத்துச் சின்னப்பாலம் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி முங்கிக் கடல்பாசி எடுத்தவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். பாறையில் பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியும், அதற்குத்தான் துணி. பூங்கா வந்தபின் அவர்களை விரட்டினார்கள். அப்புறம் அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, மற்ற நாள் கடலை விட்டுவிடுவது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். என் மாமியார் அதில் ஒருத்தி. ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்க இந்தப் பாசியில் எடுக்கிற சத்துதான் சேர்க்கிறார்களாம். மாமியாருக்கு ஐஸ்கிரீம் பிடிக்காது.

குந்துகாலில் படகுக்கு நிற்கும்போது கடலில் தலை தலையாகத் தெரிந்தால் அது அவர்கள்தான். போட்டோ எடுக்காதீர்கள், கையை ஆட்டுங்கள்.

வடசேரிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஏஜென்டின் நம்பரை அழித்துவிட்டேன். ரயிலில் இடமில்லை, காரில்தான் போகிறோம். போகிற வழியையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

மெக்கானிக் அண்ணே, இன்னொரு சந்தேகம். என் மாமியார் மணக்குடியில் பிறந்தவர். 2004 சுனாமியில் அவர் தம்பி வீடு போனது, பாலமும் போனது. அன்றிலிருந்து படகில் கால் வைத்ததில்லை. விவேகானந்தர் பாறைக்குக் கூட வர மாட்டார், கரையில் உட்கார்ந்துகொண்டு செருப்புக்குக் காவல் இருப்பார். குருசடைக்குப் பத்திரமாகக் கூட்டிப் போகலாமா? நீங்கள் அப்போது அங்கேதானே இருந்திருக்கிறீர்கள்?

குளச்சல் மெக்கானிக் எழுதியது:

இருந்தேன் தங்கச்சி. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டீக்கடையில் நிற்கிறோம், கடல் கொஞ்சம் வற்றுகிறது, ஏறுகிறது, அவ்வளவுதான். "என்னடா இது" என்று பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் பக்கம் பெரிய சேதம் ஒன்றுமில்லை. இலங்கை குறுக்கே சுவர்போல இருக்கிறது, தீவும் பாறையும் வேறு. டீக்கடை டிவியில் குளச்சல் என்று எழுத்து ஓடியபோதுதான் விஷயம் தெரிந்தது. பஸ் பிடித்து ஊர் வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்கு மேல் எழுத வேண்டாம். அடுத்த வருஷமே மண்டபத்தை விட்டு ஊரோடு வந்துவிட்டேன்.

அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். குந்துகாலில் விவேகானந்தர் மண்டபத்தில் உட்காரட்டும், நல்ல காற்று. விருப்பப்பட்டால் மண்டபம் ஊர்ப் பக்கம் தென்கரையில் தண்ணீர் வற்றுகிற நேரத்தில் முட்டளவு இறங்கட்டும். நம் ஊர்க் கடல் மாதிரி இடித்துத் தள்ளாது. அங்கே அலை என்பது கொலுசுச் சத்தம் அளவுதான். காலுக்குக் கீழே புல் மெத்தை மாதிரி இருக்கும். அதில்தான் ஆவுளியா மேய்கிறது என்று மகளுக்குக் காட்டலாம். கருப்பாக, பழுத்த வெள்ளரிக்காய் மாதிரி ஏதாவது அசையாமல் கிடந்தால் கடல் அட்டை. தொட வேண்டாம், மணலைத் தின்று சுத்தமாக்கி வெளியே விடுகிற வேலையில் இருக்கும்.

வழி: திருநெல்வேலி சுற்றிப் போனால் சீக்கிரம். ஆனால் நேரம் இருந்தால் அஞ்சுகிராமம், உவரி, மணப்பாடு என்று கடலோரமாகவே போங்கள். மணப்பாட்டில் குன்றின் மேல் சர்ச், கீழே சவேரியார் இருந்த குகை. தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கலாம், முட்டை வெள்ளையும் முந்திரியும், வாயில் வைத்தால் கரையும். அங்கே துறைமுகம் பக்கம் முயல் தீவு என்று ஒரு இடம், மண்டபத்துக்கு எதிரே முசல் தீவு என்று ஒன்று. இரண்டும் வேறு வேறு, குழம்ப வேண்டாம். தூத்துக்குடிக்காரர்கள் காரிலேயே போகிறது முயல் தீவு. வேம்பாரில் கருப்பட்டி, கீழக்கரையில் தொதல் என்கிற இனிப்பு. தொதலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மீன் சாப்பாட்டுக்கு ஜனவரி பிரச்சினை இல்லை. பிள்ளைகளின் பெரிய லீவில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். நம் பக்கம் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டும் உண்டு, சின்னமுட்டத்துக்கு ஒன்று, குளச்சலுக்கு ஒன்று. அந்த மாதங்களில் ராமேஸ்வரத்தில் பெரிய மீன் தட்டில் வந்தால் எந்த ஊர் ஐஸ்பெட்டியில் வந்தது என்று கேளுங்கள்.

வடசேரிக்காரி எழுதியது (பிப்ரவரி 1):

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டுமே.

குருசடைக்கு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை, காற்று என்று நிறுத்திவிட்டார்கள். இவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். மறுநாள், அதாவது 26ஆம் தேதியே, காலையில் படகு விட்டார்கள். நாங்கள் நான்கு பேர் போனோம். மாமியார் விவேகானந்தர் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் செருப்பும் அவரிடம்தான்.

ஆவுளியா வரவில்லை. மூத்தவள் படகில் முழு நேரமும் வாயைத் திறக்காமல் இருந்தாள், சத்தம் போட்டால் அது போய்விடும் என்று. தம்பியையும் பேச விடவில்லை. வீட்டில் இதைப் பாதி கடைப்பிடித்தாலும் போதும். பூநாரை நிறையப் பார்த்தோம். தேரூரில் பழகியது உதவியது, முதலில் கண்டுபிடித்தது சின்னவன்தான். பாலம் தூக்கவில்லை. ரயில் போனது, அதற்கே குதித்தான்.

மாமியார் தீர்த்தம் இருபத்திரண்டும் ஆடிவிட்டார்! எங்கிருந்து தெம்பு வந்ததோ. பாம்பன் அக்கா சொன்னபடி விடிகாலையிலேயே போய்விட்டோம்.

மண்டபம் ஊர்க் கரையில் சாயங்காலம் தண்ணீர் வற்றிக் கிடந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். நான் சொல்லாமலேயே மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். முட்டு வரைக்கும். ரொம்ப நேரம் குனிந்து புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது என்ன பிள்ளே, குளம் மாதிரில்லா கெடக்கு" என்றார். அப்புறம் "நம்ம கடலுக்கு இந்தப் புத்தி இல்லியே" என்றார். இருட்டுகிற வரை கரையேறவில்லை.

ஒரு தப்பு நடந்தது. திரும்பும்போது கீழக்கரையில் தொதல் வாங்க இறங்கினோம், சின்னவன் "பை நடக்குது, பை நடக்குது" என்று கத்துகிறான். டவுசர் பையில் ஒரு சிறு சங்கு, அதற்குள்ளே உயிரோடு நண்டு. எப்போது எடுத்தான் என்று யாருக்கும் தெரியாது. மூத்தவள் அவனைக் கைதி மாதிரிப் பிடித்துக்கொண்டாள். இவர் "ஒரு நண்டுக்காகவா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏர்வாடியில் கடல் பக்கம் வண்டியைத் திருப்பினார். தண்ணீர் ஓரத்தில் வைத்தோம். இரண்டு நிமிஷம் உள்ளேயே இருந்தது, அப்புறம் காலை நீட்டிப் போய்விட்டது. நாங்கள் வீடு சேர இரவு பதினொன்று.

குளச்சல் மெக்கானிக் எழுதியது:

நான் பவளத்தைக் குளச்சலில் போட்டதற்கு நீங்கள் நண்டை ஏர்வாடியில் விட்டது எவ்வளவோ மேல், அது அதே கடல்தான்.

தொதல் மிச்சம் இருக்கிறதா?

வடசேரிக்காரி எழுதியது:

திருச்செந்தூர் தாண்டவில்லை அண்ணே.